ஒரே வயதுடைய இரு கப்பல்கள்

மும்பையிலிருந்து புறப்படும் உல்லாசக் கப்பல்களைப் பற்றிப் பேச்செடுத்தால், இரண்டாவது வாக்கியத்திலேயே ஒரு கருத்து வந்து விழுந்துவிடும்: வெளிநாட்டுக்காரன் ஓட்டித் தேய்த்து, இனி உதவாது என்று ஒதுக்கியதைத்தான் நம் தலையில் கட்டுகிறார்கள். எங்கள் வீட்டில் இதை ஓயாமல் சொல்பவர் பெரியப்பா. தாராவியில் ஒரு தோல் கிடங்கில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். எந்தப் பொருளையும் அதன் கொள்முதல் தேதியைக் கொண்டு மதிப்பவர். சித்தப்பாவின் அறுபதாம் கல்யாணத்தையொட்டி, அவர் மகள் எம்பிரஸ் கப்பலில் கோவா வரை போய்வர எல்லாருக்கும் டிக்கெட் எடுக்க முனைந்தபோது, செம்பூர் வீட்டுக் கூடத்தில் பஞ்சாயத்து கூடியது. “ஏலே, முப்பத்தஞ்சு வருசத்துக் கப்பலாம்லா. நீதான கப்பல் தகட்டத் தட்டிப் பாக்குறவன், ஏறலாமா கூடாதா, நீயே சொல்லு” என்று பெரியப்பா என் பக்கம் திரும்பினார். முறையான சான்றிதழ் இல்லாமல் பயணிகள் கப்பலைத் துறைமுகத்தை விட்டு நகரவே விடமாட்டார்கள், தாராளமாக ஏறலாம் என்றேன். “சான்றிதழ் கர்ணிகாவுக்கும்தான இருந்துச்சு? அது இப்ப எங்கல கெடக்கு?” என்றார், எம்பிரஸுக்கு முன்னால் மும்பையிலிருந்து ஓடி, 2020 இல் உடைக்கப் போன உல்லாசக் கப்பலைச் சுட்டி. கூடத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள். எனக்கு அந்தக் கேள்வி போகவில்லை.

என் தொழில் பெரிய வித்தையில்லை. டிரை டாக்கில், அதாவது நீரை வடித்துவிட்டுக் கப்பலைப் பழுது பார்க்கும் தளத்தில், ஏற்றிவைத்த கப்பலிலோ நங்கூரத்தில் நிற்கும் கப்பலிலோ ஏறி, கப்பலைச் சோதிக்கும் சர்வேயர் சுட்டும் இடத்தில் பெயின்ட்டை கிரைண்டரால் தேய்த்து, ஐந்து ரூபாய்க் காசளவுக்கு இரும்பைப் பளபளக்க வைக்க வேண்டும். அதன்மேல் ஜெல் தடவி, அல்ட்ராசோனிக் மீட்டரின் முனையை அழுத்தினால், ஒலி தகட்டின் மறுபுறம் போய் எதிரொலித்துத் திரும்பும் நேரத்தைக் கொண்டு திரை ஓர் எண்ணைக் காட்டும். 12 மில்லிமீட்டராகப் பொருத்தப்பட்ட தகடு 10.4 என்று காட்டினால், அதைச் சாக்பீஸால் தகட்டிலேயே எழுதிவிட்டு அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். இடத்தைப் பொறுத்து, ஐந்தில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோ தேய்வதற்குப் பெரும்பாலும் அனுமதி உண்டு. அதைத் தாண்டினால் வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்தே தீர வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஸ்பெஷல் சர்வேயில் இந்த வேலை மொத்தக் கப்பலுக்கும் நடக்கும். கப்பலுக்கு வயது ஏற ஏற, தட்டிப் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலும் நீளும். இத்தனை காலம் இதைச் செய்ததில் எனக்குப் பிடிபட்ட ஒன்று உண்டு: கப்பல் ஒட்டுமொத்தமாகக் கிழடாவதில்லை, தகடு தகடாகத்தான் கிழடாகிறது. பதினைந்து வயது பார்ஜ் ஒன்றில் சுத்தியல் தட்டிய இடத்தில் ஓட்டை விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். அதைவிட இருமடங்கு வயதான டக் என்ற இழுவைக் கப்பலில் தகடு புதுசு போல நின்றதையும் பார்த்திருக்கிறேன். ஆனாலும் பெரியப்பாவுக்குச் சொல்ல இது போதாது. அவர் கேட்டது இரண்டு குறிப்பிட்ட கப்பல்களைப் பற்றி. அதிலும் அவை இரண்டும் ஒரே ஆண்டில் பிறந்தவை என்பது அவருக்கே தெரிந்திருக்காது.

பிறந்த ஆண்டு ஒன்று

கர்ணிகா 1990 இல் இத்தாலியின் மொன்ஃபால்கோனேயில், ஃபின்கான்டியேரி தளத்தில் கட்டி முடிக்கப்பட்டது. அன்றைய பெயர் கிரவுன் பிரின்சஸ். சிட்மார் என்ற நிறுவனம் ஆர்டர் கொடுத்து, கட்டிக்கொண்டிருக்கும்போதே 1988 இல் அந்த நிறுவனத்தையே பி அண்ட் ஓ வாங்கிவிட்டதால், பிரின்சஸ் குழுமத்தின் பெயரோடு கடலுக்கு வந்தது. 245 மீட்டர் நீளம், 32 மீட்டருக்குச் சற்று மேல் அகலம், மொத்தக் கொள்ளளவு 70,000 டன்னை ஒட்டியது. வெளித்தோற்றத்தை வரைந்தவர் பாரிஸின் பொம்பிடூ மையத்தை வடிவமைத்த இருவரில் ஒருவரான ரென்சோ பியானோ. டால்ஃபினின் நெற்றியைப் போல முன்புறம் உருண்டு வழியும் அந்த மேல்தளத்தை அவர் வரைந்தபோது பலர் முகம் சுளித்தார்கள் என்பார்கள். எனக்கு அது பிடிக்கும். இன்றைய உல்லாசக் கப்பல்கள் பால்கனிகளை அடுக்கிய அபார்ட்மென்ட் கட்டடங்களாகக் கடலில் போகும்போது, கர்ணிகாவைப் பக்கவாட்டில் பார்த்தால் ஒருவர் உட்கார்ந்து யோசித்து வரைந்த கோடு தெரியும்.

எம்பிரஸும் 1990 தான். பிரான்சின் சான் நசேரில், ஷான்டியே டி லாட்லான்டிக் தளத்தில் கட்டப்பட்டது. ராயல் கரீபியன் அதற்கு வைத்த முதல் பெயர் நார்டிக் எம்பிரஸ். 211 மீட்டர் நீளம், 48,500 டன் அளவு. கர்ணிகாவின் அருகே நிறுத்தினால் தங்கை மாதிரி இருக்கும். அழகில் யாரும் இதைப் பாராட்டியதாக நான் படித்ததில்லை, ஆனால் இதன் வடிவமைப்பில் ஒரு தெளிவு உண்டு. அன்றைய கப்பல்கள் ஒரு வாரப் பயணத்துக்கென்று கட்டப்பட்டு, பழசான பிறகே மூன்று நான்கு நாள் பயணங்களுக்குத் தள்ளிவிடப்படும். நார்டிக் எம்பிரஸோ, மயாமியிலிருந்து பஹாமாஸுக்கு மூன்று, நான்கு இரவுகளில் போய்வருவதற்கென்றே வரையப்பட்டது. அப்படிப்பட்ட பயணி அறையில் பெட்டியைப் பிரித்து அடுக்கப் போவதில்லை. தூங்க மட்டுமே அறைக்கு வருவான். மற்ற நேரமெல்லாம் சாப்பாட்டுக்கூடம், அரங்கம், காசினோ என்று அலைவான். ஆகவே அறைகளைச் சிறிதாக்கி, பால்கனிகளைக் குறைத்து, நடுவே பல தளங்கள் உயரத்துக்குத் திறந்த கூடம் ஒன்றை வைத்து, பொது இடங்களுக்கு இடத்தை வாரிக் கொடுத்தார்கள். முப்பது ஆண்டு கழித்து, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸிலிருந்து நேராக பாலார்ட் பியர் கப்பல்துறைக்கு ஓடிவந்து, திங்கட்கிழமை மறுபடி லோக்கல் ரயிலில் தொங்கப்போகும் மும்பைக்காரனுக்கு இதைவிடப் பொருத்தமான வரைபடத்தை எவரும் போட்டுத் தந்திருக்க முடியாது.

இரண்டு கப்பல்களும் பிறந்த காலம் சற்றுச் சங்கடமானது. 1990 ஏப்ரல் 29 க்குப் பிறகு கட்டத் தொடங்கும் பயணிகள் கப்பல்களுக்கு, உடல் கிழிந்து நீர் புகுந்தாலும் கவிழாமல் எந்த அளவுக்கு நிலைத்து நிற்க வேண்டும் என்பதில் கடுமையான புது விதி வந்தது. இவை அதற்கு முன்பே அடித்தளம் போடப்பட்டவை. அதே ஏப்ரல் 7 அன்று, ஓஸ்லோவிலிருந்து டென்மார்க்குக்குப் போய்க்கொண்டிருந்த ஸ்கான்டிநேவியன் ஸ்டார் கப்பலில் தீப்பிடித்து 159 பேர் இறந்தார்கள். அதையொட்டி கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான உலக உடன்படிக்கையான சோலாஸில் 1992 இல் வந்த திருத்தங்கள், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பயணிகள் கப்பல்களும் ஸ்பிரிங்க்ளர், புகை உணர்கருவி, புகை சூழ்ந்தாலும் வழி தெரியும்படி தரையோரம் ஒளிரும் கோடு ஆகியவற்றைப் படிப்படியாகப் பொருத்த வேண்டும் என்று கட்டளையிட்டன. ஆக, 1990 இல் கட்டிய கப்பல் ஒன்று இன்றும் பயணிகளோடு ஓடுகிறது என்றால், அது 1990 இல் இருந்தபடியே ஓடவில்லை. கூரைக்கு மேலும் சுவருக்குப் பின்னும் பலமுறை பிரித்து மூடப்பட்டிருக்கிறது. பெரியப்பாவின் கொள்முதல் தேதிக் கணக்கு முதலில் சறுக்குவது இங்கேதான்.

பெயர் மாற்றங்களைக் கேட்டால் அவர் இன்னும் கோபப்படுவார். கிரவுன் பிரின்சஸ் 2002 இல் ஜெர்மன் சந்தைக்காக ஆரோசா புளு ஆனது. 2004 இல் ஐடா புளு. 2007 இல் பிரிட்டிஷ்காரர்களுக்காக ஓஷன் வில்லேஜ் டூ. 2009 கடைசியில் ஆஸ்திரேலியாவில் பசிபிக் ஜுவல். 2019 இல் கர்ணிகா. ஆறு பெயர் என்றதும் ஆறு கைமாறிய கார் என்றுதான் தோன்றும். ஆனால் கடைசிப் பெயரைத் தவிர மற்ற எல்லாம் ஒரே குடும்பத்துக்குள் நடந்தவை. முதலில் பி அண்ட் ஓ பிரின்சஸ், 2003 க்குப் பிறகு அதை இணைத்துக்கொண்ட கார்னிவல் குழுமம். எம்பிரஸும் அப்படியே: 2004 இல் எம்பிரஸ் ஆஃப் த சீஸ் என்று பெயர் நீண்டது, 2008 இல், ராயல் கரீபியன் வாங்கியிருந்த ஸ்பெயின் நிறுவனமான புல்மான்டூருக்கு எம்பிரஸ் என்ற பெயரில் போனது, 2016 இல் திரும்பி வந்தது. இரண்டு கப்பல்களும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வசதியான ஒரே வீட்டில் வளர்ந்து, அதன் பிறகுதான் முதன்முதலாக வெளியாரிடம் வந்தன. வந்த இடம் மும்பை.

சமையலறைத் தரை

எம்பிரஸின் வரலாற்றில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் 2016. புல்மான்டூரிடமிருந்து கப்பலை மீட்டு, மறுபடி அமெரிக்காவிலிருந்து ஓட்டுவது என்று ராயல் கரீபியன் முடிவு செய்து, ஸ்பெயினின் காடிஸ் நகரத்து நவான்டியா தளத்தில் ஏற்றியது. வசந்த காலப் பயணங்களுக்கு டிக்கெட்டும் விற்றாகிவிட்டது. வேலையைத் தொடங்கிய பிறகுதான் சமையலறைப் பகுதியின் நிலைமை எதிர்பார்த்ததைவிட மோசம் என்று தெரிந்தது. அறிவித்த பயணங்களை ரத்து செய்து, பணத்தைத் திருப்பிக் கொடுத்து, சமையலறைகளைத் திருத்திக் கட்டி, மே மாதக் கடைசியில்தான் கப்பல் பயணிகளை ஏற்றியது.

என் தொழிலில் இருப்பவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. பயணிகள் கப்பலில் எது முதலில் அரிக்கும் என்று கேட்டால், கடல் நீரில் மூழ்கிய அடித்தகடு என்றுதான் வெளியாள் சொல்வார். அது வெளியே தெரிகிற இடம், ஒவ்வொரு டிரை டாக்கிலும் சுரண்டிப் பெயின்ட் அடிக்கிற இடம். அதற்குக் கவனிப்பு குறைவதில்லை. சமையலறையில் இரும்புத் தளத்தின் மேல் சிமென்ட் கலவை, அதன்மேல் ஓடு. ஒருநாளில் பலமுறை வெந்நீரும் சோப்புமாகக் கழுவுவார்கள். ஓட்டு இடுக்கில் எங்கோ மயிரிழை விரிசல் விடும். எண்ணெய், உப்பு, புளிப்பு எல்லாம் கலந்த நீர் கீழே இறங்கி, இரும்புக்கும் சிமென்ட்டுக்கும் நடுவே தங்கிவிடும். காற்றுப்படாது, காயாது. மேலே நின்று சமைப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஓடு நன்றாகவே இருக்கும். கீழ்த் தளத்தில் கூரைப் பலகையைக் கழற்றி, மேல்நோக்கி மீட்டர் முனையை வைத்து அழுத்தினால்தான் தெரியும், 6 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 3 கூட இல்லை என்று. கழிவுநீர்க் குழாய்கள், குளிர்ந்த நீர்க் குழாயைச் சுற்றிய உறைக்குள் வியர்த்து அரிக்கும் இடங்கள், சலவைக்கூடத்துத் தரை, குளியலறைப் பெட்டிகளுக்கு அடியில் இருக்கும் இருட்டு, இவை எல்லாம் இதே இனம். இவற்றைச் சரிசெய்ய மேலே இருக்கும் அத்தனையையும் பெயர்க்க வேண்டும். வேலை முடிந்த பிறகு பயணியின் கண்ணுக்கு எதுவுமே மாறியிருக்காது.

அதனால்தான் ரீஃபிட், அதாவது சீரமைப்பு, என்று விளம்பரத்தில் வரும்போதெல்லாம் நான் பட்டியலைப் படித்துப் பார்ப்பேன். புதிய உணவகம், புதிய கம்பளம், குழந்தைகளுக்குச் சறுக்கு, மேல்தளத்தில் பார். குழாயை மாற்றினோம், சமையலறைத் தளத்தை வெட்டினோம் என்று யாரும் விளம்பரம் செய்வதில்லை. அதைப் படித்து யாரும் டிக்கெட் எடுக்கவும் போவதில்லை. ராயல் கரீபியனே கூட நல்ல மனத்தால் இதைச் செய்தது என்று நான் நினைக்கவில்லை. அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் பயணிகள் கப்பல்களை அந்நாட்டுச் சுகாதாரத் துறை முன்னறிவிப்பின்றி ஏறிச் சோதித்து, நூற்றுக்கு மதிப்பெண் போடும். 85 அல்லது அதற்குக் கீழே என்றால் தோல்வி. அந்த மதிப்பெண்ணை எவரும் பார்க்கும்படி வெளியிட்டும் விடுவார்கள். ஓடு விரிசல், அழுக்கு தங்கும் இடுக்கு, வடிகால் என்று அந்தச் சோதனை போகும் ஆழத்துக்கு, காடிஸில் பார்த்த நிலையில் அந்தச் சமையலறை தேறியிருக்காது. வெளியிலிருந்து ஒரு மதிப்பெண் வந்து நெருக்கியதால் உள்ளே இரும்பு மாறியது.

அந்தச் செலவின் பலன் நான்கு ஆண்டு கழித்து வேறு விதமாகத் தெரிந்தது. 2020 ஜூனில், பெருந்தொற்றில் வருமானம் நின்றுபோய், புல்மான்டூர் நீதிமன்றத்தை நாடியது. அதன் கையில் இருந்த சாவரின், மொனார்க் என்ற இரண்டு பெரிய கப்பல்களும் அடுத்த சில வாரங்களில் துருக்கியின் அலியாகா கடற்கரையில் உடைப்பதற்காக ஏற்றப்பட்டன. இரண்டும் எம்பிரஸ் பிறந்த அதே சான் நசேர் தளத்தில், ஒன்று அதற்குச் சற்று முன்னும் மற்றது அடுத்த ஆண்டும் கட்டப்பட்டவை. 2016 இல் மீட்கப்படாமல் ஸ்பெயினிலேயே இருந்திருந்தால் எம்பிரஸும் அந்த வரிசையில் மூன்றாவதாக நின்றிருக்கும். மீட்கப்பட்டதால் ஹவானா துறைமுகத்துக்குப் பொருந்தும் சிறிய கப்பலாக 2017 முதல் கியூபாவுக்கு ஓடியது. 2019 ஜூனில் அமெரிக்க அரசு அந்தப் பயணங்களைத் தடைசெய்ததும் வேறு வழிகளில் ஓடியது. 2020 டிசம்பரில் விற்கப்பட்டது. உல்லாசக் கப்பல்கள் வரிசையாக உடைபடப் போய்க்கொண்டிருந்த அந்த நேரத்தில், ஓட்டுவதற்கென்றே இதை வாங்க ஆள் இருந்தது என்றால், அதற்குப் பெரிய காரணம் நான்காண்டு வயதேயான அந்தச் சமையலறையும் குறுகிய பயண வரைபடமும்தான் என்பது என் கணிப்பு. 2021 செப்டம்பரில் கோர்டீலியா நிறுவனத்தின் கப்பலாக மும்பையிலிருந்து ஓடத் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஜூனில், மேற்குக் கடற்கரையில் பருவமழைக் கொந்தளிப்பு தொடங்கும் நேரத்தில், சென்னைக்கும் போனது.

கோவாவுக்கு நாங்கள் போய்வந்தோம். பெரியப்பா வரவில்லை. காலை உணவு வரிசையில் தோசை வார்த்துக்கொண்டிருந்த இளைஞரிடம் பேச்சுக் கொடுத்தேன். கப்பலில் காஸ் அடுப்பு கிடையாது. எல்லாம் மின்சாரத் தட்டுதான். அதனால் கல் சூடாகும் விதம் வேறு, முதல் நாலைந்து தோசை ஒட்டும் என்றார். எனக்கு ஓடிய யோசனை வேறு. இந்தச் சமையலறை அமெரிக்கப் பயணிகளின் பொரியலுக்கும் வாட்டலுக்கும் கணக்கிட்டுக் கட்டப்பட்டது. இங்கே மூன்று வேளையும் தாளிப்பு, வெங்காயம் வதக்கல், ஜெயின் பயணிகளுக்கென்று தனிச் சமையல். தாளிப்பின் எண்ணெய்ப் புகை ஏறும் குழாய்களில் பிசுக்குப் படியும் வேகம் வேறாகத்தான் இருக்கும். சுத்தம் செய்யும் இடைவெளியையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். குழாய்க்குள் தேங்கும் பிசுக்குதான் சமையலறைத் தீக்கு முதல் விறகு. உல்லாசப் பயணம் வந்த இடத்தில் புகைபோக்கிக் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றதற்குச் சித்தி திட்டினாள்.

உடைக்கப் போனது எதனால்

கர்ணிகாவுக்கு வருகிறேன். எஸ்ஸெல் குழுமத்தின் ஜலேஷ் நிறுவனம் 2019 ஏப்ரலில் அதை மும்பையிலிருந்து ஓட்டத் தொடங்கியது. ஓராண்டு கூட ஓடவில்லை. 2020 ஜனவரி 1 முதல் கப்பல் எரிபொருளில் கந்தகம் 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைய வேண்டும் என்ற உலக விதி வந்து எண்ணெய்ச் செலவு ஏறியது. மார்ச்சில் பெருந்தொற்று வந்து பயணிகளே இல்லாமல் போனார்கள். நின்ற கப்பலுக்கும் செலவு நிற்காது. விளக்கெரிய ஜெனரேட்டர் ஓட வேண்டும், ஆட்கள் இருக்க வேண்டும், நங்கூரம் போட்ட இடத்துக்குக் கட்டணம் உண்டு. அந்த ஆண்டு மழை ஓய்ந்த நேரத்தில், மும்பையின் பாவ்சா தக்கா படகுத்துறையிலிருந்து லாஞ்ச் ஏறி ஓர் எண்ணெய்க் கப்பலுக்கு வேலைக்குப் போகும் வழியில், தூரத்தில் அதைப் பார்த்தேன். அந்த டால்ஃபின் நெற்றி எந்தத் தூரத்திலிருந்தும் அடையாளம் தெரியும். நங்கூரச் சங்கிலி வெளிவரும் துளைக்குக் கீழே மட்டும் துரு வழிந்திருந்தது. அது எந்தக் கப்பலிலும் வழிவதுதான். உடல் வளையாமல், கோடு சிதையாமல், நன்றாகவே மிதந்தது.

பணம் வரவேண்டியவர்கள் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். கடல் வழக்குகளில் ஒரு விசித்திரம் உண்டு: உரிமையாளர் எங்கிருந்தாலும், கப்பலையே பிரதிவாதியாக்கிக் கைது செய்யலாம். நீதிமன்றம் அதை ஏலம் விட்டு வரும் பணத்தை, 2017 ஆம் ஆண்டு கடல்சார் சட்டம் வகுத்த வரிசைப்படி பங்கிடும். அந்த வரிசையில் தலைமையிடம் மாலுமிகளின் சம்பளப் பாக்கிக்கு. ஏலத்தில் விலைபோன கர்ணிகா 2020 நவம்பரில் குஜராத்தில் கப்பல்களை உடைக்கும் அலங் கரைக்கு ஓட்டப்பட்டது. காம்பே வளைகுடாவில் பத்து மீட்டர் வரை ஏறி இறங்கும் அலையேற்றத்தைப் பார்த்து, சொந்த எஞ்சினிலேயே முழுவேகத்தில் மணலில் ஏற்றி நிறுத்துவார்கள். தன் காலால் நடந்துபோய் நின்ற கப்பல் அது.

இரும்பு தேய்ந்து போனதால் அது உடைபடவில்லை என்பதற்கு எனக்கு மீட்டர் தேவையில்லை. அதே மொன்ஃபால்கோனேயில், அதே ரென்சோ பியானோ வரைபடத்தில், 1991 இல் கட்டிய உடன்பிறந்த கப்பல் ஒன்று உண்டு. ரீகல் பிரின்சஸாக இருந்து ஆஸ்திரேலியாவில் பசிபிக் டான் ஆனது. 2020 இல் அதன் கதை இன்னும் கோணலாகப் போயிற்று. கிரிப்டோ நாணயக்காரர்கள் சிலர் வாங்கி, பிட்காயினைக் கண்டுபிடித்தவரின் பெயரால் சதோஷி என்று அழைத்து, பனாமாவுக்கு அருகே மிதக்கும் குடியிருப்பாக நிறுத்தப் பார்த்தார்கள். காப்பீடு தர ஆளில்லாமல் திட்டம் கவிழ்ந்தது. உடைப்புக்கு விற்கும் பேச்சும் நடந்தது. கடைசியில் அம்பாசிடர் என்ற புதிய பிரிட்டிஷ் நிறுவனம் வாங்கி, டிரை டாக்கில் ஏற்றிச் சீர்செய்து, ஆம்பியன்ஸ் என்ற பெயரில் 2022 ஏப்ரலில் லண்டனுக்கு அருகே டில்பரியிலிருந்து ஓட்டத் தொடங்கியது. ஒரே அச்சில் வார்த்த இரண்டில் ஒன்று அலங் மணலில் துண்டுகளாயிற்று, மற்றது பிரிட்டிஷ் ஓய்வூதியக்காரர்களோடு நார்வேயின் மலைகளுக்கு இடையிலான கடற்கழிகளைச் சுற்ற ஆரம்பித்தது. வித்தியாசம் தகட்டில் இல்லை, நின்றுபோன மாதங்களைத் தாங்கும் சக்தி எந்த உரிமையாளரிடம் இருந்தது என்பதில் இருந்தது.

பெரியப்பாவின் கருத்தில் பாதி எனக்கு இப்போது சரியாகவே படுகிறது, அவர் சொல்லும் காரணத்துக்காக அல்ல. முப்பது வயதுக் கப்பல்கள் நமக்கு வருவது அவை உதவாதவை என்பதால் அல்ல. அந்த வயதில்தான் விலை இறங்கி, கைப்பணம் குறைந்த நிறுவனமும் உல்லாசக் கப்பல் வைத்துக்கொள்ள முடிகிறது. ஆனால் அந்த வயதில்தான் ஒவ்வொரு டிரை டாக்கும் எதிர்பாராத பில்லைக் கொண்டுவரும். மெலிந்த மடியும் கிழட்டுக் குழாயும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. போதாக்குறைக்கு, டாக் எங்கே என்பது வேறு கேள்வி. மும்பையின் ஹியூஸ் டிரை டாக் ஆயிரம் அடி நீளம், நூறடி (சுமார் 30 மீட்டர்) அகலம். 1914 இல் அதைத் திறந்தவர்களின் காலத்துக்கு அது தாராளம், ஆனால் 32 மீட்டர் அகலக் கர்ணிகா அதற்குள் நுழையவே நுழையாது. எம்பிரஸும் ஏறத்தாழ அந்த நூறடிதான். இருபுறமும் ஆள் வேலை செய்ய இடைவெளி வேண்டாமா? கொச்சியில் 270 மீட்டர் நீள டாக்கும், 2024 இல் திறந்த 310 மீட்டர் டாக்கும் இருக்கின்றன. பயணிகள் கப்பல் மும்பையில் சம்பாதித்து, ரிப்பேருக்கு ஊர் விட்டு ஊர் போக வேண்டும். போகிற நாட்களும் நஷ்டக் கணக்கில் சேரும்.

டிக்கெட் எடுப்பவர் இதையெல்லாம் எப்படிப் பார்ப்பது என்று சித்தப்பா மகள் கேட்டாள். பெயர் மாறினாலும் மாறாத ஏழு இலக்க ஐஎம்ஓ (உலகக் கடல்சார் அமைப்பு) எண் ஒவ்வொரு கப்பலுக்கும் உண்டு. இன்றைய பெயரைத் தேடாமல் அந்த எண்ணைத் தேட வேண்டும். கப்பல் போய்வரும் நாடுகளின் துறைமுக அதிகாரிகள் ஏறிச் சோதித்து என்ன குறை கண்டன, எங்கே தடுத்து வைத்தன என்பது ஈக்வாசிஸ் போன்ற தளங்களில் இலவசமாகவே கிடைக்கிறது. தகட்டின் அளவுகளோ, நான் சாக்பீஸால் எழுதும் அந்த எண்களோ வெளியே வருவதில்லை. அவை உரிமையாளருக்கும் கப்பலின் தரத்தைச் சோதித்துச் சான்றளிக்கும் கிளாஸ் நிறுவனத்துக்கும் நடுவே நின்றுவிடும். சமையலறைக்கு மதிப்பெண் போட்டு ஊரறிய ஒட்டும் அமெரிக்க வழக்கத்தை நம் துறைமுகங்களும் எடுத்துக்கொண்டால் என் தொழிலுக்கு வேலை கூடும் என்பது உண்மைதான். அதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை.

அடுத்த கப்பல்களுக்கான ஏற்பாடும் ஆகிவிட்டது. நார்வீஜியன் ஸ்கை, நார்வீஜியன் சன் என்ற இரண்டையும் கோர்டீலியா நீண்டகால வாடகைக்கு எடுப்பதாக 2025 இல் அறிவிப்பு வந்தது. முதலாவது 2026 இலும் அடுத்தது 2027 இலும் கைமாறும் என்றார்கள். ஸ்கையின் கட்டுமான ஆண்டு 1999 என்று பதிவாகியிருக்கும். ஆனால் அதன் உடல் கோஸ்டா ஒலிம்பியா என்ற வேறொரு கப்பலாகப் பிரேமனின் வுல்கன் தளத்தில் பாதி கட்டப்பட்டு, தளம் திவாலானதால் கைவிடப்பட்டுக் கிடந்தது; அதை வாங்கி, பிரேமர்ஹாஃபனில் முடித்துக் கடலில் இறக்கினார்கள். பெரியப்பா கேட்டால் எந்த ஆண்டைச் சொல்வது என்று தெரியவில்லை. நான் கேட்கப்போவது வேறு: வாங்காமல் வாடகைக்கு எடுத்த கப்பலில், சமையலறை ஓடுகளைப் பெயர்த்துக் கீழே பார்க்கும் செலவு ஒப்பந்தத்தில் யார் பேரில் எழுதியிருக்கிறது?